மடியில் விட்ட ஓணான்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பச்சோந்தியைக் கூண்டிலிட்டு வீட்டில் வளர்ப்போர் பலர் உளர். அவர்களிடையே ஓயாது எழும் வினா ஒன்றுண்டு. "எங்கள் பச்சோந்தி மூர்க்கமாக இருக்கிறது, கையை நீட்டினால் வாயைப் பிளந்து சீறுகிறது, சில வேளை கடிக்கவும் செய்கிறது. அதனை அபாயமின்றிக் கையாள்வது எப்படி?" என்பதே அவ்வினா. மிருக வைத்தியர்களும் நெடுங்காலம் வளர்த்துப் பழகியோரும் இதற்கு விடை கூறியிருக்கின்றனர். அவ்விடைகள் பயனுள்ளவை; அவற்றை நாமும் பின்னர் எடுத்துரைப்போம். ஆயினும், வினாவுக்குள்ளேயே இரு சொற்கள் விசாரணையின்றி நுழைந்துவிட்டமையை முதலிற் கவனித்தல் வேண்டும். 'மூர்க்கம்' என்பது ஒன்று. 'அபாயமின்றி' என்பது மற்றது. மூர்க்கம் என்று தீர்ப்புக் கூறியவர் யார்? அபாயம் எவருக்கு?

நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்குகின்றது. வேலியாலே போன ஓணானைப் பிடித்து மடிக்குள்ளே விட்டுக்கொண்டு, ஐயோ குடைகிறதே என்று அழுதானாம் ஒருவன். வீண் வம்பை விலைக்கு வாங்குவோனை எள்ளுதற்கு இதனைச் சொல்கிறோம். மனிதனின் மடமையைப் பழமொழி நன்றாகவே காட்டிவிடுகிறது. ஓணானோ அங்கு வம்பின் சின்னம், அவ்வளவே. வேலியாலே தன்பாட்டிற் போய்க்கொண்டிருந்த பிராணி, இருட்டு மடிக்குள் அகப்பட்டபின் குடையாமல் வேறென்ன செய்திருக்கும் என்று இதுவரை கேட்டார் இல்லை. மேலே சொன்ன வினாவைக் கேட்போர் அந்த மடிக்காரனின் உறவினர்களே. ஒரு வேறுபாடு உண்டு: அவன் தன்னை நொந்துகொண்டான், இவர்கள் ஓணானின் குணத்தை நொந்துகொள்கிறார்கள்.

இவ்வாறு முறையிடப்படுவது பெரும்பாலும் யேமன் பச்சோந்தியே. யேமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் புறத்திலும் இயல்பாக வாழ்வது அது. தலையுச்சியில் நிமிர்ந்து நிற்கும் எலும்புக் கொண்டை அதன் அடையாளம். நன்கு வளர்ந்த ஆண், வால் நுனிவரை ஏறக்குறைய இரண்டடி நீளும். பச்சோந்திகளில் 200க்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர்த் தீவுக்குரியவை. கூண்டு வாழ்வைத் தாங்காதவை அவற்றுட் பல. யேமன் பச்சோந்தி கூண்டிலும் தாக்குப்பிடித்து முட்டையிட்டுப் பெருகக்கூடியது. ஆதலால் விற்பனைக்கு வாய்ப்பான சரக்காயிற்று. குணத்தால் அது தனிமை விரும்பி. இனச்சேர்க்கைக் காலம் நீங்கலாகத் தன் இனத்தையே அது அருகிற் பொறாது. கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தாலுங்கூடக் கலவரமடையும். தன் இனத்தோடும் கூடி வாழ அறியாத ஒரு பிராணி, மனிதனின் தோளிற் குந்தியிருந்து மகிழும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு விசித்திரமான எதிர்பார்ப்பு!

அதன் தற்காப்பு முறையையும் சற்று நோக்குவோம். ஓணானைப் போல் ஓடித் தப்ப அதற்குக் கால்கள் இல்லை. மெல்ல நடப்பதற்கே அவை அமைந்தவை. நஞ்சு இல்லை. பல்லியைப் போல வாலைத் துண்டித்து எதிரியை ஏமாற்றவும் முடியாது. பச்சோந்தியின் வால் அறுந்தால் திரும்ப வளர்வதில்லை. இலைகளிடையே தெரியாமல் இருப்பதே அதன் பெருங்காவல். அது பலிக்காதபோது, உடலைப் பக்கவாட்டிற் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டும், தொண்டையை ஊதும், முன்னும் பின்னும் அசையும், வாயைப் பிளக்கும், சீறும். இத்தனையும் பார்த்த பின்னரும் எதிரி விலகாவிட்டாற்றான் கடிக்கும். எதிரி என்பது அதன் உலகிற் பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் பறவை, அல்லது கிளையில் ஏறிவரும் பாம்பு. மேலிருந்து கூண்டுக்குள் இறங்கும் ஐந்து விரல்கொண்ட கையை அது எதனுடைய கால் என்று கருதும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பச்சோந்தியின் நிறத்தைப்பற்றியும் இங்கு ஒரு சொல் கூறவேண்டும். நம் மேடைகளில் அப்பிராணிக்கு நாம் இழைத்துவரும் அநீதி சிறிதன்று. கட்சி மாறியவன் பச்சோந்தி. ஆளுக்கேற்பப் பேசுபவன் பச்சோந்தி. சூழலுக்கேற்ப நிறத்தை மாற்றி உள்ளத்தை மறைக்கும் வஞ்சகப் பிராணி என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த வசை இது. உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. மடகாஸ்கர்ப் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2015இல் தம் முடிவை வெளியிட்டனர். தோலின் உயிரணுக்களில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாயிருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் தெறிக்கின்றன. அது தோலிலுள்ள மஞ்சளோடு கூடிப் பச்சையாகத் தோன்றுகிறது. எதிரி ஆணைக் கண்டு கிளர்ச்சியுறும்போது படிகங்களின் இடைவெளி அகன்று, மஞ்சளும் செம்மையும் மேலெழுகின்றன. வெப்பம், போட்டி, அச்சம், இணைவிருப்பம் ஆகிய யாவும் அதன் தோலில் எழுதப்படுகின்றன. கருவுற்ற யேமன் பெண் பச்சோந்தி உடல் கருத்து, நீலமும் மஞ்சளுமான புள்ளிகளைக் காட்டி, 'அணுகாதே' என்று ஆணுக்கு அறிவிக்கின்றது. உள்ளத்து நிலையை இவ்வளவு வெளிப்படையாக உடம்பெங்கும் எழுதிக் காட்டும் பிராணியையா நாம் வஞ்சகத்துக்கு உவமையாக்கினோம்! நம் அரசியல்வாதிகளுக்கு உண்மையிலேயே அந்தத் தோல் வாய்த்திருந்தால் வாக்காளர் எவ்வளவோ பிழைத்திருப்பர்.

இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. யேமன் பச்சோந்தி ஆண்களின் சண்டைகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவதானித்த ஆய்வுகள் 2013இலும் 2014இலும் வெளிவந்தன. உடற்கோடுகள் மிகவும் ஒளிர்ந்தவை முன்னேறித் தாக்க வந்தன. தலையின் நிறம் விரைந்து மாறியவை வென்றன. தோற்றுப் பின்வாங்கியவையோ கருநிறம் அடைந்தன; அக்கருமையைக் கண்ட வென்றவனின் தாக்குதல் தணிந்தது. கருமை அங்கே சரணாகதிக் கொடி. கூண்டின் முன் நிற்கும் மனிதனோ, பிராணி கருக்கக் கண்டவுடன் 'கோபத்தினாற் கறுத்துவிட்டது' என்கிறான். அவன் கையின் முன்னே அது ஒருவேளை 'தோற்றேன், விட்டுவிடு' என்றே கூறிக்கொண்டிருக்கலாம். கை இன்னும் நெருங்குகிறது. கொடியைக் காட்டிய பின்னரும் தாக்குதல் நிற்காவிட்டால் எந்தப் பிராணியும் என்ன செய்யுமோ அதனையே அதுவும் செய்கிறது. பின்னர் அதற்கு மூர்க்கம் என்று பெயராகிறது.

ஆசிரியத் தொழிலில் உள்ளவர்க்கு இத்தகைய சொல்லாட்சி புதிதன்று. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வகுப்பைப் பொறுப்பேற்கும்போது, இன்னவன் முரடன், இன்னவள் அடங்காப்பிடாரி என்று முன்னிருந்தவர் பட்டியல் தந்துவிடுவது வழக்கம். அந்தப் பிள்ளை எதற்கு அஞ்சி அவ்வாறு நடந்தது என்பது பட்டியலில் இராது. பிறர் நாட்டிற் புகுந்து ஆண்டோர் எழுதிவைத்த அறிக்கைகளிலும் இதே இலக்கணத்தைக் காணலாம்: எதிர்த்து நின்ற குடிகள் மூர்க்கர்; பணிந்த குடிகள் சாந்தசீலர். ஒப்புமையை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. பச்சோந்தி ஒடுக்கப்பட்ட வர்க்கமுமன்று. நீட்டிய கையின் பக்கம் நின்றே அந்தச் சொல் பிறக்கிறது என்பதை மாத்திரமே சுட்டுகிறோம்.

இனி, வினாவின் அடியிலுள்ள அறப் பிரச்சினைக்கு வருவோம். விலங்கு வெறும் இயந்திரம் என்ற கருத்தை டேக்கார்ட் 1637இல் முன்வைத்தார். அதனை ஏற்றால் பச்சோந்தியின் சீற்றம் துருப்பிடித்த கதவின் ஓசைக்கு நிகர், விசாரணைக்கே இடமில்லை. 1789இல் வெளிவந்த தம் நூலிற் பெந்தாம், பகுத்தறிவும் பேச்சும் உண்டோ என்பதை விடுத்து, துன்பத்தை உணர வல்லதா என்பதையே நோக்கவேண்டும் என்றார். இது பெரியதொரு முன்னேற்றமே. எனினும் நம் பிரச்சினையை இதுவும் முற்றாகத் தழுவவில்லை. பச்சோந்தியைப் பக்குவமாகத் தூக்குபவன் அதற்கு உடல்நோவு எதனையும் தராதிருக்கலாம். அது விரும்பவில்லை, அவ்வளவே. நோவில்லாத இடத்திலும், ஓர் உயிரின் விருப்பமின்மைக்கு நாம் மதிப்பளிக்கக் கடமைப்பட்டுள்ளோமா?

வளர்ப்பவர் இதற்கு ஒரு மறுப்புக் கூறுவர். "நாம் அதற்கு உணவளிக்கிறோம், விளக்கு வைக்கிறோம், நோய் வந்தால் வைத்தியரிடம் கொண்டு செல்கிறோம், அதன்மீது அன்பு கொண்டிருக்கிறோம். சிறிது நேரம் கையில் வைத்திருப்பதற்குமா உரிமையில்லை?" இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடலாகாது, இதனுள்ளே உண்மையான அன்பும் இருக்கிறது. ஆனால் அதனோடு பின்னிப் பிணைந்து வேறொன்றும் இருக்கிறது: விலை கொடுத்தோம் என்ற எண்ணம். வாங்கிய பொருள் பயன்தர வேண்டும். வளர்ப்புப் பிராணியின் பயன் இன்பம். இன்பத்தின் வடிவம் தொடுதல். நாயிடமிருந்து கற்றுக்கொண்ட கணக்கு இது. நாய் பதினையாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் மனிதனோடு வாழ்ந்து பழகியது. அதன் முன்னோர் கூட்டமாக வாழ்ந்தோர். பச்சோந்தி கூண்டிற் பெருகத் தொடங்கிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. நாயிடம் பெறும் நன்றியை அதனிடம் கேட்பது, மீனிடம் பாட்டுக் கேட்பது போலாகும். நன்றி வராதபோது, கொடுக்க மறுக்கிறது என்று அதன்மேற் குற்றம் சுமத்துகிறோம். கைம்மாறு கிடைக்கும் இடத்தில் மட்டும் செலுத்தும் கடமையைக் கடமை என்பதிலும் வியாபாரம் என்பதே பொருந்தும்.

மனிதனை மனிதன் மிதிக்கும் உலகில் செல்வந்த நாடுகளின் பொழுதுபோக்குப் பிராணிக்காக இவ்வளவு விசாரம் ஏன் என்று நம் நண்பர் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால், அந்தக் கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தை இருக்கிறது. பச்சோந்தி வாணிபம் காடுகளிலிருந்து பிராணிகளைப் பிடித்து விற்பதோடு தொடங்கியது. காட்டுயிர் வாணிபத்துக்கான சர்வதேச உடன்படிக்கை பச்சோந்திகளை 1977இலேயே தன் இரண்டாம் அட்டவணையிற் சேர்த்து, அவற்றின் ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமென்று விதித்தது. எதையும் சரக்காக்கும் ஒரு பொருளாதாரம், சரக்கான உயிரின் சீற்றத்தைச் சரக்கின் குறைபாடாகவே காணும். இக்கண்ணோட்டம் பச்சோந்தியோடு நின்றுவிடுவதில்லை என்பதே நம் அக்கறைக்குக் காரணம்.

கையாளவே கூடாது என்று நாம் வாதிப்பதாகக் கொள்ளற்க. கூண்டில் வாழும் உயிரைத் தொட்டே ஆகவேண்டிய வேளைகள் உண்டு. கூண்டைச் சுத்தம் செய்யவேண்டும்; வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும்; நகத்தையும் கண்ணையும் பார்க்கவேண்டும். தேவை பிராணியுடையதா, நம்முடையதா என்று கையை நீட்டுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்வதே முதலாவது பாதுகாப்பு. தேவை அதனுடையதாயின், அது விரும்பாவிடினும் தூக்கலாம். தடுப்பூசிக்கு அழும் குழந்தையை நாம் பிடித்துக்கொள்வதில்லையா? விருந்தினருக்குக் காட்டுவதற்கும் படம் பிடிப்பதற்கும் அந்த நியாயம் செல்லாது.

தூக்கும் முறை இதுதான். கை மேலிருந்து இறங்கலாகாது. பின்னாலிருந்து பற்றவும் ஆகாது. பிராணியின் கண்ணுக்குத் தெரியும்படி, அதன் மார்புக்குக் கீழும் சற்று முன்னுமாக, ஒரு கிளையைப்போலக் கையை அசையாது வைக்கவேண்டும். பச்சோந்தி மேல்நோக்கி ஏறும் இயல்பினது. முன்னே உறுதியான பிடிப்பு இருக்கக்கண்டால் தானாகவே கால்வைக்கும். அதன் பாதங்களில் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து குறடுபோல் அமைந்துள்ளன. கிளையை அவை பற்றியிருக்கும்போது உடலை இழுத்தால் விரலோ நகமோ காயமுறும். பின்னங்கால்களை மெல்லத் தட்டி, அது ஒவ்வொரு காலாக விடும்வரை பொறுத்திருக்கவேண்டும். விலாவை அமுக்குவதும் வாலைப் பிடித்துத் தூக்குவதும் கொடுமை. கையைக் கண்டாலே கலங்கும் பிராணிக்குக் கை எதற்கு? ஒரு தடியை நீட்டலாம். அல்லது சாடியில் வளர்ந்த சிறு செடியைக் கூண்டு வாசலில் வைத்து, அது ஏறிய பின் செடியோடு தூக்கிச் செல்லலாம். நாம் அறிந்தவற்றுள் இதுவே மிகச் சிறந்த உபாயம். இதில் பிடிப்பவனும் இல்லை, பிடிபடுவதும் இல்லை.

முட்டை சுமக்கும் பெண்ணையும் தோலுரிக்கும் நிலையிலுள்ளதையும் தொடாமல் விடுதல் நன்று. கடித்துவிட்டாலோ, கையை உதறுவது பெருந்தவறு; பிராணி எறியப்பட்டு விழும். இழுப்பதும் தவறே. பச்சோந்தியின் பற்கள் தாடை விளிம்போடு ஒட்டியவை. உடைந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வலியைப் பொறுத்து, கையைக் கிளையருகே தாழ்த்தினால் அது தானாக விட்டு விலகும். மனிதனுக்கு நேர்வது பெரும்பாலும் சிறு கீறலும் சிறிது இரத்தமுமே. சவர்க்காரமிட்டுக் கழுவி மருந்து பூசினாற் போதும். சிவந்து வீங்கினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். கடியினும் கவனிக்கத்தக்கது வேறொன்று: ஊர்வன வெளிப்பார்வைக்குச் சுகமாக இருந்தே சல்மொனெல்லாக் கிருமியைக் காவக்கூடியவை. ஆகையால் தொட்டபின் கைகழுவுதல் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொடாதிருத்தல் வேண்டும்.

முன்னர் சாந்தமாயிருந்தது திடீரெனச் சீறத் தொடங்கினால், குணத்தைக் குறைகூறுமுன் உடலைப் பார்க்கவேண்டும். புறஊதா ஒளியும் சுண்ணச்சத்தும் போதாத கூண்டில் எலும்பு மெலிந்து வளையும் நோய் சாதாரணம். அந்நிலையில் தொடுகை ஒவ்வொன்றும் நோவாகும். கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் அது அறியாது. இலையிற் படிந்த துளிகளையே நக்கும். தாகத்தோடு இருக்கும் பிராணியிடம் நற்குணம் எதிர்பார்ப்பவன் தானும் ஒருநாள் தண்ணீரின்றி இருந்து பார்ப்பது நல்லது.

பழக்குதல் முடியாத காரியமன்று என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். இடுக்கியாற் புழுவை நீட்டி, நாளடைவில் கையிலிருந்தே உண்ணச் செய்து, சில கிழமைகளிற் கையின் அச்சத்தைக் குறைத்தோர் உளர். அச்சம் குறைவது பிராணிக்கும் நன்மையே. குறைந்த அச்சத்தை அன்பென்று மொழிபெயர்க்கும்போதுதான் ஏமாற்றம் ஆரம்பமாகிறது. சில பச்சோந்திகளோ கடைசிவரை பழகுவதில்லை. நல்ல பராமரிப்பில் யேமன் ஆண் ஐந்து முதல் எட்டு ஆண்டுவரை வாழும். அத்தனை ஆண்டும் ஒருமுறையேனும் கையில் ஏறாத ஒன்றுக்கு நாள்தோறும் நீர் தெளித்து, பூச்சி வளர்த்து ஊட்டி, விளக்கு மாற்றிக்கொண்டிருப்பது எளிதன்று. முடியாதவர் வாங்காதிருத்தலே முறை. வாங்கிவிட்டவர், பார்த்து மகிழும் மீன்தொட்டியைப்போல் அக்கூண்டை ஏற்றுக்கொள்ளலாம். அல்லது திறமுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யலாகாது: சலித்துப்போய், அல்லது இரங்கி, தோட்டத்தில் அவிழ்த்துவிடுதல். 1972இல் ஹவாய்த் தீவுகளில் ஒரு பிராணிக் கடைக்காரர், கென்யாவிலிருந்து நலிந்து வந்திறங்கிய மூன்று கொம்புப் பச்சோந்திகளை உடல் தேறட்டும் என்று தம் வளவில் விட்டார். அவை பரவி, அங்கு மட்டுமே வாழும் நத்தைகளையும் பூச்சிகளையும் உண்டுவருகின்றன. 2002இல் அத்தீவுகளுள் ஒன்றான மௌயியில் யேமன் பச்சோந்தியும் காணப்பட்டது. புளோரிடாவிலும் அது குடியேறிவிட்டது. இரக்கமும் விசாரணையின்றிச் செயற்பட்டால் என்னவாகும் என்பதற்கு அந்நத்தைகளே சாட்சி.

நம் நாட்டுக்கும் சொந்தமாக ஒரு பச்சோந்தி இருக்கிறது. வரண்ட வலயத்துப் பற்றைக் காடுகளில் அரிதாகக் காணப்படும் அதன் விஞ்ஞானப் பெயரிலேயே இலங்கையின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அவ்வினம் வாழ்கிறது. 'ஓந்தி' என்பது ஓணான் இனத்துக்குப் பழம்பெயர். 'ஓதி' என்றும் வழங்கிற்று. வழிச்செல்வோர் ஓதியைக் கண்டு நிமித்தம் பார்த்தமையைக் குறுந்தொகைப் பாட்டொன்று கூறுகிறது. பிற்காலத்துச் சிறுவர் நிமித்தம் பார்ப்பதில்லை. ஈர்க்கில் சுருக்கிட்டுப் பிடிப்பதும் கல்லெறிவதுமே அவர்களுக்குத் தெரிந்தவை. வகுப்பில் இதைப்பற்றிக் கேட்டால் "சேர், அது நஞ்சு" என்கிறார்கள். நஞ்சு இல்லை என்று சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு பாடவேளை போதும். வனசீவராசிகள் பற்றிய கட்டளைச் சட்டம் அதற்குக் காவல் தந்திருக்கிறது. பிடித்து வீட்டில் வைத்தல் ஆகாது. வெயில் நேரத்தில் அது தார் வீதியை ஆடி ஆடிக் கடக்கக் காண நேர்ந்தால், வண்டியை நிறுத்தி, ஒரு காய்ந்த தடியை அதன் முன்னே நீட்டலாம். முதலிற் சீறும், பொறுத்தால் ஏறும். எந்தப் பக்கம் நோக்கிப் போயிற்றோ அந்தப் பக்கத்துப் பற்றையில் தடியோடு சாய்த்துவிட்டு நம் வழியே போகலாம்.